உன் தொட்டியும் என் தொட்டியும்

மார்ச் 3

பேருந்து நிலையத்தில் பாதிப் பேச்சோடு நிற்கவிட்டு வந்த என் கணவருக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். இங்கே கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது என்று எத்தனை தடவை சொன்னேன், நீங்கள் நம்பவில்லை. ஏரியைச் சுற்றி நாலு பக்கமும் மலை. வாரம் ஒரு முறை ஆய்வு நிலையத்துக்குச் சாமான் ஏற்றி வரும் வண்டிதான் கடிதத்துக்கும் ஒரே வழி. தொட்டிகளுக்கான தண்ணீர் கேன்களும் அதில்தான் வரும். ஓட்டுநர் நல்ல மனிதர், வாய் மட்டும் ஓயாது.

என் அறை கட்டடத்தின் கோடியில். ஒரு கட்டில், ஒரு மேஜை, திறந்தால் மூடாத, மூடினால் திறக்காத ஒரு ஜன்னல். அதிலிருந்து பார்த்தால் ஏரி தெரிகிறது. அதைப் பற்றி உங்களுக்கு எழுதுவதாக இல்லை, கோபம் ஆறட்டும்.

பந்தயத்தை மட்டும் எழுதி வைத்துவிடுகிறேன். இல்லாவிட்டால் "நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்று ஆரம்பிப்பீர்கள், உங்களைப் பற்றி எனக்குத் தெரியாதா? நம் வீட்டு பால்கனியில் இரண்டு கண்ணாடித் தொட்டிகள். இரண்டிலும் இந்த ஏரியின் தண்ணீர், எந்தக் கிருமியும் நுழைய முடியாத வடிகட்டியில் வடித்தது. இடப்பக்கத் தொட்டியில் ஏரிக்கல்லும் அதன் மேல் உயிருள்ள பாசிப் படலமும். வலப்பக்கத்தில் அதே மாதிரிக் கல், அதே படலம், ஆனால் நீங்கள் உங்கள் கையால் குக்கரில் அவித்துக் கொன்றது. இந்த ஏரியில் வளரும் வெள்ளைக் கல்லை அந்தப் படலத்தில் வாழும் நுண்ணுயிர்கள்தான் உண்டாக்குகின்றன என்பது என் கட்சி. தண்ணீரில் சுண்ணாம்பு இருக்கிறது, அது தானாகப் படிகிறது, கிருமிக்கு இதில் ஒரு வேலையும் இல்லை என்பது உங்கள் கட்சி. ஜூலை முடிவதற்குள் இடப்பக்கம் மட்டும் கல் வளர்ந்தால், நீங்கள் அங்கே வேலையை விட்டுவிட்டு இங்கே வருகிறீர்கள். வலப்பக்கமும் வளர்ந்துவிட்டால், இங்கே எனக்குத் தரப்போகும் நிரந்தர வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் வீட்டுக்கு வருகிறேன். இயக்குநரம்மா ஜூலை கடைசிக்குள் பதில் கேட்டிருக்கிறார்.

குளிர்காலம் முழுக்கச் சண்டை போட்டும் ஒருவரும் இறங்கி வராததால்தான் இந்தப் பைத்தியக்காரப் பந்தயம். ஆனால் பேருந்து கிளம்பும்போது நீங்கள் சொன்னது பந்தயத்தில் சேராது. "கல்லு தானா வளருது. அதுக்குப் பக்கத்துல நீ போய் உக்காந்திருக்கணுமா?" வழி முழுக்க அதுதான் காதில் கேட்டது.

தண்ணீர் வற்றினால் நான் அனுப்பும் கேனிலிருந்து மட்டும் ஊற்றுங்கள். கொதிக்கவைக்காதீர்கள், கொதித்தால் சுண்ணாம்பு பாத்திரத்திலேயே இறங்கிவிடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூடிகளைத் திறந்து போடாதீர்கள். என் பச்சைக் குவளையை மறந்துவிட்டு வந்துவிட்டேன். தொட்டி வைத்த அன்று பாசியை அள்ள வேறு எதுவும் கைக்கு அகப்படாமல் அதைத்தான் எடுத்தேன். கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். இங்கே கண்ணாடி டம்ளரில் டீ குடிக்கிறேன், நாக்கு ஒப்பவில்லை.

இப்படிக்கு,
பாசி

*

மார்ச் 14

திடீரென்று மரியாதை கொடுக்க ஆரம்பித்திருக்கும் என் பாசிக்கு,

கல்யாணமான புதிதில் ஒரு வாரம் என்னை "நீங்கள்" என்றாய். அதற்கப்புறம் கோபம் வந்தால் மட்டும்தான். உன் கடிதத்தில் வரிக்கு வரி "நீங்கள்". முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிவிட்டது. நான் அழுத்தமானி பார்த்தே பிழைக்கிறவன், எனக்கா தெரியாது?

நான் சொன்ன சொல்லை மறுக்கவில்லை. ஆனால் பேருந்து நகர்ந்ததும் நான் பின்னாலேயே ஓடிவந்தேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. எதிர்த் திசையில் வந்த ஒரு ஆள் என்னைப் பார்த்து, "அடுத்த வண்டி இருக்கு சார்" என்று ஆறுதல் சொன்னார்.

தொட்டிகள் நலம். இடப்பக்கத்துக்கு உன் தொட்டி என்றும் வலப்பக்கத்துக்கு என் தொட்டி என்றும் பேர் வைத்துவிட்டேன். பாசி அவித்த குக்கரைத் தங்கை கீழ் வீட்டிலிருந்து வந்து பார்த்தாள். "அண்ணே, இதுல இனிமே நீங்க எதை வேணா வேக வைங்க. நான் கடன் கேட்டு வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

என் கட்சியை நானும் எழுதி வைக்கிறேன். நான் வேலை செய்யும் சலவை ஆலையில் ஊரிலுள்ள ஆஸ்பத்திரிகளின் துணியெல்லாம் வெளுக்கிறோம். அதற்கு நீராவி தரும் கொதிகலனின் குழாய்களில் வெள்ளைக் கல் படியும். வருஷா வருஷம் நான்தான் தட்டி எடுக்கிறேன். அவ்வளவு கொதியில் எந்தக் கிருமி உயிரோடு இருந்து கல் கட்டும்? அதை விடு, நம் வீட்டு டீக் கெட்டிலின் அடியில் இருக்கும் வெள்ளையை எந்தக் கிருமி பூசியது? இதற்குப் பதில் சொல்லாமல் குளிர்காலம் முழுக்க ஓட்டினாய்.

குவளையைத் தேய்க்க மனம் வரவில்லை. ஒரு அலசு அலசி ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். சமையலறைக்குள் போனதும் கண்ணில் படுகிற மாதிரி.

உன்,
பாய்லர்

*

மார்ச் 29

பாய்லருக்கு,

பேருந்து பின்னால் ஓடிவந்தீர்களா? ஓட்டுநரம்மா கண்ணாடியில் பார்த்துவிட்டு, "யாரோ ஓடி வர்றாரு, உங்களுக்கு வேண்டியவரா?" என்று கேட்டார். நான் இல்லை என்று சொல்லிவிட்டேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

ஏரியைப் பற்றி எழுதுகிறேன். கரையிலிருந்து இறங்கினால் முழங்கால் ஆழத்திலேயே கற்கள் ஆரம்பிக்கின்றன. பெரிய பெரிய காலிஃப்ளவர்களைக் கவிழ்த்து அடுக்கியது மாதிரி வெள்ளையாகப் புடைத்து நிற்கின்றன. தொட்டால் மேலே ஒரு வழவழப்பு. விரலை எடுத்தால் பச்சை ஒட்டிக்கொண்டு வரும். உள்ளே கெட்டிக் கல். இங்கே ஒரு முக்குளிப்பாளர் இருக்கிறார், முப்பது வயதுகூட ஆகாத பெண், ஆழத்தில் இறங்கி எனக்குக் கல் வெட்டிக் கொண்டுவருபவர். மேலே வந்ததும் முதல் வேலையாகப் பல் கிட்டிக்கப் போர்வை கேட்பார். தண்ணீர் அவ்வளவு குளிர்.

அங்கேதான் இருக்கிறது உங்கள் கெட்டிலுக்குப் பதில். கெட்டிலில் சூடு இருக்கிறது. இங்கே சூட்டுக்கு எங்கே போவது? தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுதான் சுண்ணாம்பைக் கரைத்து வைத்திருக்கிறது. இந்தப் படலத்தில் வாழும் நீலப்பச்சைப் பாசி இருக்கிறதே, கண்ணுக்குத் தனியாகத் தெரியாத அளவு சிறியது, அது வெயிலைப் பிடித்து அந்த வாயுவை எடுத்துச் சாப்பிடுகிறது. வாயு போனால் சுண்ணாம்புக்குக் கரைந்து நிற்க வழி இல்லை, கல்லாக இறங்கிவிடும். இறங்கி எங்கே உட்காருவது? பாசியும் மற்ற கிருமிகளும் தங்களைச் சுற்றிப் பூசி வைத்திருக்கும் வழவழப்பிலேயே. வெள்ளை மூடிவிட்டால் உள்ளே இருப்பவர்களுக்கு வெயில் கிடைக்காது. அவர்கள் மெல்ல மேலே ஏறி வந்து புதிதாக ஒரு படலம் கட்டுகிறார்கள். அதன் மேலும் கல். இப்படியே ஒன்றின் மேல் ஒன்றாக, நீயும் நானும் பிறப்பதற்கு எவ்வளவோ முன்பிருந்து.

பார், "நீ" என்று வந்துவிட்டது. அடித்துத் திருத்தாமல் விட்டுவிடுகிறேன்.

நீ சொன்னது எனக்கு ஏன் சுட்டது என்று இப்போது புரிந்திருக்குமே. கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர்கள் நாள் முழுக்க வேலை செய்வதை ஒருவர் பார்த்து "தானா வளருது" என்று சொன்னால், வீட்டில் சோறு தானாக வேகிறது, துணி தானாக மடிந்துகொள்கிறது என்று சொல்கிற மாதிரி இருந்தது.

பாசி

*

ஏப்ரல் 17

என் பாசிக்கு,

துணி மடிப்பது நான்தான் என்பதை நினைவுபடுத்திவிட்டு ஆரம்பிக்கிறேன். மற்றபடி நீ எழுதியது சரி. அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னபோது கல்லைப் பற்றிச் சொல்லவில்லை. நீ போகக் கூடாது என்பதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

இப்போது உனக்குச் சந்தோஷமான செய்தி, எனக்குச் சங்கடமான செய்தி. வெயில் ஏறியதும் உன் தொட்டியில் பாசி மேல் சின்னச் சின்னக் குமிழிகள் நிற்கின்றன. போன வாரம் கல்லின் மேல் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. தூசி என்று நினைத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தூசி இல்லை. என் தொட்டியில் ஒன்றும் இல்லை. கல் கல்லாகவே கிடக்கிறது, அவித்த பாசி அவித்த பாசியாகவே கிடக்கிறது. தங்கை பார்த்துவிட்டு, "அண்ணி தொட்டி நல்லா இருக்கு. உங்களுது ஏண்ணே மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கு?" என்றாள்.

பால்கனியில் இரண்டு தொட்டிக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டுவிட்டேன். காலையில் டீ அங்கேதான். டீ முடிந்ததும் தண்ணீர் பார்ப்பேன். உன் பச்சைக் குவளையால்தான் ஊற்றுகிறேன். ஒரு குவளை உனக்கு, ஒரு குவளை எனக்கு. நீ இருக்கும்போது டீ ஊற்றுகிற மாதிரியே. வீட்டில் வேறு எந்தச் சத்தமும் இல்லை, அந்தத் தண்ணீர் விழுகிற சத்தத்துக்காகவே சில நாள் தேவையில்லாமல் கொஞ்சம் ஊற்றுகிறேன். இது பந்தய விதிக்கு விரோதமா?

பாய்லர்

*

மே 9

நாற்காலி போட்டுத் தொட்டி காக்கும் என் பாய்லருக்கு,

விரோதம் இல்லை. இரண்டிலும் ஒரே அளவு ஊற்றினால் போதும்.

உன் கடிதம் தலையணைக்கு அடியில் இருக்கிறது. முக்குளிக்கும் பெண் போர்வை தேடி அறைக்கு வந்தபோது பார்த்துவிட்டாள். "ஆராய்ச்சிக் குறிப்பா மேடம்?" என்றாள். ஆமாம் என்றேன். "அதுக்கு ஏன் சிரிச்சுக்கிட்டே படிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போர்வையோடு ஓடிவிட்டாள்.

ஒருவன் மட்டும் குடியிருக்கிற வீட்டில் நீ தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்கு இங்கே கல்லும் வேண்டாம் ஏரியும் வேண்டாம் என்று தோன்றுகிறது. மறுநாள் காலையில் ஏரியைப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடுகிறது. பொய் சொல்லக் கூடாது. எனக்கு இந்த ஊர் பிடித்துவிட்டது. இத்தனை வருஷம் அடுத்தவர் அனுப்பும் சில்லுகளையே உருப்பெருக்கியில் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கேதான் அவை வளரும் இடத்திலேயே நிற்கிறேன். நீ இல்லை என்பது ஒன்றுதான் குறை, ஆனால் அது சின்னக் குறை இல்லை.

ஒரு தகவல் மட்டும், உன்னை இழுப்பதற்காக இல்லை. இங்கே வெந்நீருக்கும் அறைகளைச் சூடாக்கவும் ஒரு பழைய கொதிகலன் இருக்கிறது. காலையில் பற்றவைத்தால் மத்தியானம்வரை அழுகிறது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் போன வருஷம் வேலையை விட்டுப் போய்விட்டாராம். இயக்குநரம்மா ஒரு நாள் அதை உதைப்பதை நானே பார்த்தேன்.

பாசி

*

ஜூன் 4

பாசிக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, நேரடியாகவே எழுதிவிடுகிறேன். என் தொட்டியிலும் வந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு புள்ளி. கண் ஏமாற்றுகிறது என்று விட்டுவிட்டேன். இன்றைக்குக் கல்லின் ஒரு ஓரத்தில் வெள்ளையாக ஒரு பட்டையே இருக்கிறது. உன் தொட்டியில் இருக்கிற அளவுக்கு இல்லை, ஆனால் அதே வெள்ளை. நகத்தால் தொட்டுப் பார்த்தேன், கெட்டி. பாசியை நானேதான் அவித்தேன், விசில்மேல் விசில் விட்டு. அதில் உயிர் இருக்க வழியே இல்லை. அப்படியென்றால் தானாகத்தான் வளர்ந்திருக்கிறது.

ஜெயித்துவிட்டேன் போலிருக்கிறது. பார்த்ததும் கையைத் தட்டினேன். கீழேயிருந்து தங்கை, "என்னண்ணே, என்ன உடைஞ்சுது?" என்றாள். ஒன்றும் இல்லை என்று சொன்னேன். பிறகு தட்டத் தோன்றவில்லை.

உன் மேஜையைத் துடைத்து, ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டிருக்கிறேன். நீ எப்போது வந்தாலும் வெளிச்சம் இருக்கும். நீ வந்தால் எனக்கு எவ்வளவு நன்றாக இருக்கும் என்பதை எழுதினால் ஜெயித்தவன் கொக்கரிப்பதாக ஆகிவிடும். அதனால் எழுதவில்லை.

பாய்லர்

*

ஜூன் 13

அன்புள்ள பாய்லர்,

பந்தயம் பந்தயம்தான். நான் போட்ட பந்தயம், நானே பின்வாங்க மாட்டேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கரைக்குப் போய் உட்கார்ந்தேன். செத்த படலத்தின் வழவழப்பிலும் கல் இறங்கலாம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உயிர் போன பிறகும் அந்தப் பிசின் சுண்ணாம்பைப் பிடித்து வைத்திருக்கும், அழுக ஆரம்பித்தால் விட்டுவிடும், அது கல்லாக இறங்கும். சில பேர் அப்படி எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு சீக்கிரம், இந்தத் தண்ணீரில், மூடிய தொட்டியில் நடக்கும் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான். என் கணக்கு தப்பு. பயல்கள் என்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்று கொஞ்சம் அழுகை வந்தது. கிருமிக்காக அழுகிற ஒரே பெண்டாட்டி உனக்குத்தான் வாய்த்திருக்கிறாள்.

இயக்குநரம்மா வெளியூர் போயிருக்கிறார். இருபத்து நாலாம் தேதி, திங்கட்கிழமை வருகிறார். அன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். சொன்னால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவார், அவர்களும் எத்தனை நாள் காலியாக வைத்திருப்பார்கள்? சாமான்களை அடுக்க ஆரம்பிக்கவில்லை. கை வரவில்லை. அடுக்குவேன்.

உன்மேல் கோபம் இல்லை. நீ என் மேஜையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறாய் என்பதைப் படித்தபோது வீட்டுக்கு வர ஆசையாகவே இருந்தது. இரண்டு ஆசையும் ஒரே வயிற்றில் கிடந்து முட்டுகின்றன.

ஒரே ஒரு உதவி. உன் தொட்டிக் கல்லிலிருந்து ஒரு சில்லு பெயர்த்து அனுப்பு. என்னைத் தோற்கடித்ததை ஒரு தடவை உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு வருகிறேன்.

உன்,
பாசி

*

ஜூன் 22

பாசி,

இயக்குநரிடம் சொல்லாதே. முதலில் இதைப் படி. வண்டி கிளம்பும் இடத்துக்கே போய் இதை ஓட்டுநர் கையில் கொடுக்கப் போகிறேன். நேராக உன் கையில்தான் சேர்க்க வேண்டும், வேறு யாரிடமும் தரக் கூடாது என்று சொல்லப் போகிறேன். அவர் வழி முழுக்க அதைப் பற்றிப் பேசுவார், பேசட்டும்.

நீ கேட்ட சில்லை எடுக்கக் கல்லை வெளியே எடுத்தேன். கொதிகலன் குழாயில் கல் தட்டுகிறவன் நான், சூட்டில் படிந்த கல் எப்படிப் பெயரும் என்று என் கைக்குத் தெரியும். இது அப்படிப் பெயரவில்லை. வழுக்கிக்கொண்டு வந்தது. புரட்டிப் பார்த்தேன். அடியில் பச்சை. அவித்த பாசியின் பழுப்பு இல்லை. உன் தொட்டியில் இருக்கிற அதே பச்சை. வெளிச்சத்தில் பிடித்தால் அதிலும் குமிழி.

எங்கிருந்து வந்தது? மூடி போட்டுத்தான் இருக்கிறது. கேன் தண்ணீர் நீ வடித்தது. கல்லை மறுபடி உள்ளே வைத்துவிட்டுப் பார்த்தேன். வெள்ளை கல் முழுக்க இல்லை, ஒரு ஓரத்தில் மட்டும் இருக்கிறது. தினமும் நான் தண்ணீர் ஊற்றுகிற ஓரம். சமையலறைக்குப் போய் உன் குவளையை எடுத்து வெயிலில் பார்த்தேன். கைப்பிடி ஒட்டியிருக்கிற இடுக்கில் காய்ந்துபோய்ப் பச்சையாக ஒரு கோடு. உன் முதல் கடிதத்தை எடுத்துப் படித்தேன். பாசியை அள்ளியது அதில்தான், கழுவிக் கவிழ்த்து வை என்று எழுதியிருக்கிறாய். நான் கழுவவில்லை. போதாததற்கு உன் தொட்டிக்கு ஊற்றும்போது அதன் விளிம்பைத் தண்ணீரில் நனைத்துவிட்டு, அதே கையோடு என் தொட்டிக்கும் ஊற்றியிருக்கிறேன். ஒரு குவளை உனக்கு, ஒரு குவளை எனக்கு.

என் தொட்டி செத்த தொட்டியே இல்லை. அதில் இருப்பதும் உன் ஆட்கள்தான். நானேதான் தினமும் டீ குடித்துவிட்டு அவர்களைக் குடியேற்றியிருக்கிறேன்.

பச்சையைச் சுரண்டிவிட்டு வெள்ளையை மட்டும் பொட்டலம் கட்டி அனுப்பலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்ததையும் சொல்லிவிடுகிறேன். நீ வீட்டுக்கு வந்துவிடுவாய், மேஜையில் வெளிச்சம் விழும். ஆனால் அழுத்தமானி முள்ளைத் தனக்குப் பிடித்த எண்ணில் திருப்பி வைத்துக்கொள்கிறவன் கொதிகலன் பக்கத்தில் நிற்கக் கூடாது. உன் பக்கத்திலும் நிற்கக் கூடாது.

சில்லைப் பச்சையோடு அனுப்பியிருக்கிறேன். ஈரத் துணியில் சுற்றியிருக்கிறேன், காய்ந்துவிடாமல் எடுத்துக்கொள்.

பாய்லர்

*

ஜூன் 30

என் பாய்லருக்கு,

இன்னும் சொல்லவில்லை. திங்கட்கிழமை இயக்குநரம்மா அறை வாசல்வரை போனேன். உள்ளே யாரிடமோ கொதிகலனைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார். நல்ல நேரம் இல்லை என்று ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். மறுநாளும் ஒரு சாக்கு. அதற்குள் வண்டி வந்துவிட்டது. ஓட்டுநர் ஓடிவந்து, "மேடம், உங்க வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தா யாருக்கோ உடம்பு சரியில்லைன்னு நெனச்சேன். பாசியாமே?" என்றார்.

சில்லை உருப்பெருக்கியில் வைத்தேன். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. நீலப்பச்சை இழைகள், நம்மவர்களேதான், ஒவ்வொரு இழையைச் சுற்றியும் சுண்ணாம்புப் படிகங்கள் ஒட்டிக்கொண்டு. காய்ந்து கிடந்து, தண்ணீர் பட்டதும் எழுந்து, செத்த தொட்டியில் தொழில் ஆரம்பித்திருக்கிறார்கள்.

இப்போது என் பங்கு. உன் ஏப்ரல் கடிதம் தலையணைக்கு அடியில் இருக்கிறது என்று எழுதினேனே. "ஒரு குவளை உனக்கு, ஒரு குவளை எனக்கு" என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். கிருமிகளைப் படிப்பதே என் பிழைப்பு. ஒரே பாத்திரத்தால் இரண்டு தொட்டிக்கும் ஊற்றக் கூடாது என்பதை முதல் வாரம் வந்த மாணவிகூடப் பிடித்திருப்பாள். எனக்கு அது ஒரு தடவைகூட ஆராய்ச்சித் தப்பாகத் தெரியவில்லை. என் கணவர் எனக்கு டீ ஊற்றுகிறார் என்று மட்டும்தான் தெரிந்தது. போதாததற்கு "விரோதம் இல்லை" என்று பதிலும் எழுதியிருக்கிறேன்.

ஆகவே பந்தயம் செல்லாது. நீயும் ஜெயிக்கவில்லை, நானும் ஜெயிக்கவில்லை. உன் தொட்டியில் செத்த பிசின் எவ்வளவு செய்தது, குடியேறியவர்கள் எவ்வளவு செய்தார்கள் என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. புதிதாகத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

உன் கெட்டிலுக்கும் முழுப் பதில் சொல்லிவிடுகிறேன், பாக்கி வேண்டாம். கெட்டிலில் கிருமி இல்லை, நீ சொன்னது சரி. சூடு தண்ணீரிலிருந்து கரியமில வாயுவைத் துரத்துகிறது, கல் இறங்குகிறது. இங்கே அதே வாயுவைப் பாசி எடுத்துக்கொள்கிறது, கல் இறங்குகிறது. நீ நெருப்பை வைத்துச் செய்வதை இவர்கள் வெயிலை வைத்துச் செய்கிறார்கள். ஒரே வேலைதான். குளிர்காலம் முழுக்க இதற்கா சண்டை போட்டோம்?

பந்தயம் போய்விட்டதால் இனி எதன் பின்னாலும் ஒளிந்துகொள்ள முடியாது. வாய்விட்டே கேட்கிறேன். எனக்கு இங்கே இருக்க வேண்டும். உன்னோடு இருக்க வேண்டும். நீ வருகிறாயா? வர முடியாது என்றால் அதையும் எழுது. அப்போது நான் வருவேன், தோற்றதற்காக இல்லாமல், உனக்காக. ஆனால் முதலில் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. மார்ச் மாதமே கேட்டிருக்கலாம். அப்போது கேட்கத் தெரியவில்லை, பந்தயம் கட்டத்தான் தெரிந்தது.

பாசி

*

ஜூலை 8

பாசி,

ஆலையில் சொல்லிவிட்டேன். மாதக் கடைசிவரை இருந்து புது ஆளுக்குக் கொதிகலனைக் காட்டிக் கொடுக்க வேண்டும். மேலாளர், "பாய்லரே இல்லாத ஊருக்குப் போய் என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டார். "இருக்கு சார். அழுதுக்கிட்டு இருக்காம்" என்றேன். இயக்குநரம்மாவிடம் அதை உதைக்க வேண்டாம் என்று சொல், உதைத்தால் உள்ளே செங்கல் பெயரும்.

இந்த வாரமே அவரிடம் உன் பதிலைச் சொல்லிவிடு. என் பெயரைச் சொல்லிச் சாக்கு தேட இனி வழி இல்லை.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இந்த வயதில் புது ஊர், புதுத் தண்ணீர். அதை மறைக்கவில்லை. ஆனால் நீ கேட்ட அன்றைக்கு அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருந்தேன், ஒரு பக்கம் உன் தொட்டி, ஒரு பக்கம் என் தொட்டி. இரண்டிலும் ஒரே பச்சை. எது யாருடையது என்று எனக்கே குழம்பிவிட்டது. இரண்டையும் ஒரே டிரம்மில் ஊற்றிவிட்டேன். கல், பாசி, தண்ணீர் எல்லாம். எடுத்துவந்து ஏரியிலேயே விட்டுவிடலாம்.

தங்கை கொஞ்சம் அழுதாள், பிறகு குக்கரைத் தனக்கே வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். நன்றாகத் தேய்த்துக்கொள்கிறாளாம். உன் குவளையை நான் தேய்க்கவில்லை, அப்படியே செய்தித்தாளில் சுற்றி வைத்திருக்கிறேன். டீக்கு வேண்டுமா ஆராய்ச்சிக்கு வேண்டுமா என்று நீயே முடிவு செய்.

வண்டியில் முன் இருக்கை காலி இல்லையாம். டிரம்மைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வருகிறேன்.

கல் வளர்வதற்கு நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. உன் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள், அது இப்போது எனக்கே தெரியும். ஆனாலும் வந்து உட்காருகிறேன். கொஞ்சம் நகர்ந்து இடம் கொடு.

உன்,
பாய்லர்